ஓல்கா பார்த்த கடைசி இரவு

செகாவின் கதைகளைக் கொண்டாடாத தமிழ் வாசகர் குறைவு. அவருடைய மனைவி ஓல்கா நிப்பர் எழுதிவைத்த நினைவுகளைப் பற்றிப் பேசுபவர்கள்தான் அதிகமில்லை. ஓல்கா, மாஸ்கோ கலை அரங்கின் பெயர்பெற்ற நடிகை. 1901-இல் கல்யாணம், 1904 ஜூலையில் கணவர் போய்விட்டார். இடைப்பட்ட காலத்திலும் அவள் நாடகத்துக்காக மாஸ்கோவில், அவர் காசநோய்க்காக யால்டாவில் என்று பாதி வாழ்க்கை கடிதங்களிலேயே போனது. கூட இருந்த நாட்கள் கொஞ்சம் என்பதாலோ என்னவோ, அவள் கண் எதையும் தவறவிடவில்லை.

ஜெர்மனியில் பாடன்வைலர் என்ற ஊர், ஓட்டல் அறை, கடைசி மாலை. கணவரின் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. பூங்காவில் நடந்துவிட்டு வா என்று மனைவியை அனுப்புகிறார். திரும்பி வந்தால், ஏன் சாப்பிடப் போகவில்லை என்ற கவலை அவருக்கு. சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லையே என்கிறாள். உண்மையில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது, இருவர் காதிலும் விழவில்லை. உடனே படுக்கையில் இருந்தபடியே ஒரு கதை கட்டுகிறார்: கொழுத்த பணக்காரர்கள் தங்கும் ஓட்டல், நாளெல்லாம் சுற்றிவிட்டுப் பெரும்பசியோடு வந்து சேர்கிறார்கள், சமையல்காரன் ஓடிப்போயிருக்கிறான்! ஒவ்வொருவர் முகமும் எப்படிப் போனது என்று அவர் சொல்லச் சொல்ல, ஓல்கா சோபாவில் சுருண்டு சிரிக்கிறாள். மனைவி சாப்பிடாமல் இருக்கிறாளே என்ற கவலையிலிருந்து பிறந்த கதை அது. அவர் கட்டிய கடைசிக் கதையும் அதுதான்.

நள்ளிரவு தாண்டி விழித்தவர், டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவராகவே கேட்டார் என்கிறாள் ஓல்கா. இதன் கனம் தெரிய வேண்டுமானால் அவர் யார் என்பது தெரிய வேண்டும். 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1892-இல் காலரா பயம் பரவியபோது தான் வசித்த மெலிகோவோவைச் சுற்றி 25 கிராமங்களைச் சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொண்டவர். தன் நெஞ்சிலிருந்து ரத்தம் வந்ததை மட்டும் பல வருஷம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். அப்படிப்பட்டவர் டாக்டர் வேண்டும் என்றால், மனைவிக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே ஓட்டலில் தங்கியிருந்த ரஷ்ய மாணவன் ஒருவனை எழுப்பி அனுப்புகிறாள். புழுக்கமான அந்த இரவில், ஓடுகிறவன் காலடியில் சரளைக்கல் நொறுங்கிய ஓசை பிறகும் அவள் காதில் இருந்தது. அந்த நேரத்து மனநிலையைப் பற்றி அவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். சரளைக்கல் சத்தத்தைத்தான் எழுதினாள். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டாக்டர் வந்து ஷாம்பெயின் கொண்டுவரச் சொல்கிறார். செகாவ் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் சாகிறேன் என்று உரக்கச் சொல்கிறார். மனைவியிடம் அல்ல, டாக்டரிடம். அதுவும் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த ஜெர்மனில். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சொல்லும் நோய் முடிவு என்றே நான் இதை வாசிக்கிறேன். பிறகுதான் மனைவி பக்கம் முகம் திரும்புகிறது, அங்கே புன்னகை வருகிறது. ஷாம்பெயின் குடித்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லி, நிதானமாகக் குடித்து முடித்து, இடப்பக்கமாகச் சாய்ந்துகொள்கிறார். செய்தி டாக்டருக்கு, சிரிப்பு மனைவிக்கு. சாகும் வேளையிலும் இப்படிப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

கருத்த பெரிய விட்டில் ஒன்று உள்ளே புகுந்து விளக்கில் மோதிக்கொண்டிருந்தது, டாக்டர் போனபின் மிச்சமிருந்த பாட்டிலின் தக்கை பெரும் சத்தத்தோடு தெறித்தது என்பதையும் சொல்கிறாள். ஒன்றுக்கும் அர்த்தம் கற்பிக்கவில்லை. கணவரின் எழுத்தை இதைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை என்பேன்.

அதன்பின் 55 ஆண்டு வாழ்ந்து, 1959-இல் மாஸ்கோவில் காலமானாள். செகாவைப் படித்தவர்கள் ஓல்காவின் இந்தப் பக்கங்களையும் தேடிப் படியுங்கள்.