பிஹெச் கணக்கும் காணாமல் போன தண்ணீரும்

லிட்டருக்கு 10⁻⁸ மோல் அளவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் என்ன? நுழைவுத் தேர்வு கைடுகளில் அடிக்கடி கண்ணில் படும் கேள்வி. மடக்கைச் சூத்திரத்தில் போட்டால் விடை 8. ஏழுக்கு மேலே என்றால் காரம். தண்ணீரில் துளி அமிலம் விட்டோம், அது காரமாகிவிட்டதாம்! சரியான விடை 6.98. கைடுகள் இதை 'டிரிக் கேள்வி' என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இது பாடத்தில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியும் இடமாகப் படுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு 'அயனிச் சமநிலை' பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். வலிமைமிகு அமிலத்துக்கு ஒரு சூத்திரம். வலிமை குறைந்த அமிலத்துக்கு ஆஸ்ட்வால்ட் நீர்த்தல் விதி. தாங்கல் கரைசலுக்கு ஹெண்டர்சன் சமன்பாடு. உப்பு நீராற்பகுப்புக்கு வகைக்கு ஒன்று. ரொம்ப நீர்த்துப் போனால் தண்ணீரையும் சேர்த்துக்கொள் என்று கடைசியில் ஒரு விதிவிலக்கு. இருபது வருஷமாக கோடு எழுதுகிறவன் கண்ணுக்கு இது பழகிய காட்சி. பலபேர் கைபட்டு, இஃப்-எல்ஸ் மேல் இஃப்-எல்ஸாக ஒட்டுப்போட்ட புரோகிராம். எந்தக் கிளைக்குள் நுழைவது என்று கண்டுபிடிப்பதிலேயே மாணவனின் மூளை செலவாகிவிடும்.

இத்தனைக்கும் கீழே இருப்பது ஒரே விஷயம்தான். கரைசலில் மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக இருந்தாக வேண்டும். மேலே சொன்ன கரைசலில் நேர் அயனி ஹைட்ரஜன் மட்டும். எதிர் அயனிகள் குளோரைடும் ஹைட்ராக்சைடும். ஆகவே, ஹைட்ரஜன் = குளோரைடு + ஹைட்ராக்சைடு. 25 டிகிரியில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு செறிவுகளின் பெருக்கல் 10⁻¹⁴. இரண்டையும் சேர்த்தால் ஒரு இருபடிச் சமன்பாடு. தீர்த்தால் ஹைட்ரஜன் 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. இதில் டிரிக் எங்கே இருக்கிறது? சோடியம் அசிடேட் கரைத்தால் இடதுபக்கம் சோடியத்தைச் சேருங்கள், வலதுபக்கம் குளோரைடுக்குப் பதில் அசிடேட் வரும். கூடவே அமிலத்தின் பிரிகை மாறிலியையும், போட்ட அசிடேட் மொத்தமும் எங்காவது இருந்தாக வேண்டும் என்ற கணக்கையும் வைத்துக்கொண்டால், ஹெண்டர்சன் சமன்பாடும் இதிலிருந்தே வந்துவிடும்.

தோராயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு வர்க்கமூலச் சூத்திரமும் முழுக்கணக்கும் 2.87 பக்கம்தான் வந்து நிற்கின்றன. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று ஓடுகிற பரீட்சையில் இருபடிச் சமன்பாடு தீர்க்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் அதே அமிலத்தை 10⁻⁵ மோலாருக்கு நீர்த்துவிட்டு அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் அயனி 1.34 × 10⁻⁵ என்று வரும். போட்ட அமிலமே 1 × 10⁻⁵தான்! நூறு பேர் ஏறிய பஸ்ஸிலிருந்து 134 பேர் இறங்கிய கதை. முழுக்கணக்குப்படி 7.1 × 10⁻⁶, பிஹெச் 5.15. சூத்திரத்துக்கு எல்லை உண்டு என்பதை விட, வந்த விடையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பாடம் வளர்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

'ஏழு என்றால் நடுநிலை' என்பதும் இதே ரகம். நடுநிலை என்றால் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சமம், அவ்வளவுதான். அது 25 டிகிரியில் 7 ஆக அமைகிறது. 37 டிகிரியில் சுமார் 6.8. சூடாக்கினால் தண்ணீர் அமிலமாகிவிடாது. சமநிலைப் புள்ளிதான் நகர்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த 'சரியான' 6.98 கூடக் காகிதத்தில் மட்டும்தான் சரி. சுத்தமான தண்ணீரைத் திறந்த பீக்கரில் வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஹெச் 5.6 பக்கம் இறங்கிவிடும். அதில் ஹைட்ரஜன் அயனி சுமார் 2.5 × 10⁻⁶. நாம் போட்ட அமிலத்தைப் போல 250 மடங்கு. சமன்பாட்டின் வலதுபக்கம் பைகார்பனேட் என்று ஒரு உறுப்பைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை, ஆய்வகத்தில் மீட்டர் 5.6 காட்டினால் மீட்டர் கெட்டுப்போச்சு என்பான். மாசே இல்லாத மழைநீரும் ஏழுக்குக் கீழே இருப்பது ஏன் என்றும் அவனுக்கு விளங்காது.

சோரன்சன் 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இந்த அளவுகோலை முன்வைத்தது நொதிகளின் வேலையை ஆராயும்போது. பிஹெச் பிறந்ததே அளந்து பார்க்கிற இடத்தில். அதை வெறும் மடக்கைப் பயிற்சியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

பாடத்தைத் திருத்தி எழுதுபவர்கள் ஒன்று செய்யலாம். மின்சுமைச் சமநிலையை முதல் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு சூத்திரத்தையும் அதிலிருந்து வரவழைத்து, எதை எப்போது விட்டுவிட்டோம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள், விடை வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: "போட்டதை விட அதிகமா வந்திருக்கா?"