இல்லமும் அரங்கமும் ஆசானாகும்போது

நீதியையும் பக்தியையும் போதிப்பதற்குக் கோயில் மண்டபமும் மடாலயமும் பாடசாலையும் மாத்திரமே உரிய இடங்கள் என்று நம் முன்னோர் கருதவில்லை. தொட்டிலும் ஊஞ்சலும், சுண்ணம் இடிக்கும் உரலும், அம்மானைக் காயும், திருவிழா இரவின் கூத்து மேடையும் அவர்களுக்கு ஞானத்தின் வாயில்களாகவே இருந்தன. அந்த மரபு இக்காலத்திலும் அற்றுப்போய்விடவில்லை. பிரசங்கி ஒருவர் தம் பேரக்குழந்தையின் மழலையிலிருந்து சரணாகதித் தத்துவத்தை விளக்குகிறார். பத்திரிகை எழுத்தாளர் ஒருவர் அடுப்பில் பொங்கி வழிந்த பாலிலிருந்து புலனடக்கத்தின் அவசியத்தை எடுத்துக்காட்டுகிறார். திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே தந்தை தம் மக்களுக்கு அதன் நீதியைச் சொல்லி முடித்துவிடுகிறார். இவ்வழக்கத்தைச் சமய வாழ்வின் உயிர்நாடி என்று போற்றுவோரும், குழந்தையையும் கலையையும் உபதேசத்துக்கு ஏவலாட்களாக்கும் செயல் என்று வெறுப்போரும் நம்மிடையே உளர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டாதலின், எந்த நிலையில் இவ்வழக்கம் உயர்கிறது, எந்த நிலையில் தாழ்கிறது என்பதைச் சில தெளிவான சான்றுகளைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

எட்டாத தத்துவத்தை எல்லோர்க்கும் கிட்டச் செய்வது இதன் முதற்சிறப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மெய்யே, ஆயினும் எளிமை ஒன்றே இதன் பெருமையாகிவிடாது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில், பாவிகளோடு அமர்ந்து உண்கிறார் என்று தம்மைக் குறைகூறிய பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் இயேசுநாதர் அளித்த மறுமொழி சாஸ்திர வாதமாக அமையவில்லை. பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடும் பெண்ணின் கதையாகவும், தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனின் கதையாகவும் அமைந்தது. கெட்ட குமாரன் கதை என்று வழங்கும் பின்னதில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது மூத்த மகனின் நிலை. தம்பிக்கு விருந்து நடக்கும் வீட்டுக்குள் வர மறுத்து அவன் வெளியே நிற்கிறான். தந்தை வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா, இல்லையா என்பதைக் கதை சொல்லவே இல்லை. குறைகூற வந்தவர்களே அந்த மூத்த மகனின் இடத்தில் நிற்கிறார்களாதலால், கதையின் முடிவைத் தங்கள் நடத்தையால் அவர்களே தீர்மானிக்க வேண்டியவர்களாகிறார்கள். உடன்பிறந்தாரிடையே எந்தக் குடும்பத்திலும் எழக்கூடிய பொறாமையை மறைக்காமலும், அதற்கு அவசரப்பட்டு ஒரு தீர்ப்பு வழங்காமலும் விட்டதனாலேயே, அக்கதை இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் கேட்போரின் மனச்சாட்சியை உசாவும் ஆற்றல் பெற்றிருக்கிறது.

தமிழில் இதற்கு ஒப்பாக வைத்து எண்ணத்தக்கது திருவாசகம். அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்று மகளிரின் ஆடல்களையும் வீட்டுத் தொழில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு, மாணிக்கவாசகர் அவற்றைச் சிவபக்தியின் பாத்திரங்களாக்கினார். இவற்றுள் இருபது பாடல்கள் கொண்ட திருச்சாழல் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. சாழல் என்பது, ஒருத்தி பழித்துக் கேட்க மற்றொருத்தி மடக்கி விடை சொல்லும் விளையாட்டு. சாம்பலைப் பூசிக்கொண்டு, பாம்பை அணிந்துகொண்டு, தாயும் தந்தையும் இல்லாமல் தனித்திருப்பது ஒரு தெய்வத்துக்கு அழகோ என்று ஒருத்தி ஏளனம் செய்ய, மற்றவள் ஏளனத்துக்கு ஆளான அதே செய்கையில் பொதிந்துள்ள பெருமையை எடுத்துரைக்கிறாள். தில்லையில் பௌத்தரோடு நிகழ்ந்த வாதத்தில் ஈழத்து அரசனுடைய ஊமை மகள் வாய் திறந்து கூறிய விடைகளே இவை என்று புராணம் சொல்லும். விளையாட்டின் விதி பழிப்பவளுக்கும் பாதி இடம் தந்துவிடுவதால், ஐயமும் பரிகாசமும் முழுக்குரலோடு ஒலித்த பின்னரே இங்கே விடை பிறக்கிறது. துதிப்பாடலோ சாஸ்திர உரையோ இவ்வளவு தாராளமாக எதிர்க்கட்சியைப் பேசவிட்டிருக்குமா என்பது சந்தேகமே. கசப்பு மருந்தின்மேல் தடவிய தேனாக விளையாட்டு இங்கே பயன்படவில்லை. விளையாட்டின் அமைப்பே தத்துவத்துக்கு அது முன்பு பெற்றிராத ஒரு துணிவை அளித்திருக்கிறது.

அரங்கத்தின் பக்கம் திரும்பினால், 1884 செப்டம்பர் 21 அன்று கல்கத்தா பீடன் தெருவிலிருந்த ஸ்டார் நாடகசாலைக்கு ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் சென்ற நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கிரீஷ் சந்திர கோஷ் இயற்றிய 'சைதன்ய லீலா' அன்று நடந்தது. சைதன்யராக நடித்தவர் வினோதினி என்னும் நடிகை. தாசியர் மரபிலிருந்து வந்த பெண்கள் நடிக்கும் மேடையைக் கண்ணியமான குடும்பத்தினர் பலர் இகழ்ந்த காலம் அது. அப்பெண்களைத் தாம் அன்னை பராசக்தியாகவே காண்பதாகச் சொல்லிச் சென்ற பரமஹம்ஸர், நாடகத்தின் இடையே பன்முறை தம்மை மறந்து பரவசமுற்றார், அசலையும் நடிப்பையும் தாம் ஒன்றாகவே கண்டதாகப் பின்னர்த் தெரிவித்தார், வினோதினியை ஆசீர்வதித்தார். அவர் நாடகத்திலிருந்து ஒரு நீதியைப் பிரித்தெடுத்துச் சீடர்களுக்கு விநியோகிக்கச் செல்லவில்லை என்பதும், காட்சிக்குத் தம்மை முழுமையாக ஒப்புக்கொடுத்தார் என்பதும் நாம் மனங்கொள்ள வேண்டியவை. உலகம் இகழ்ந்தவளுக்கு ஆசி கிடைத்தது. மதுவிலும் நாஸ்திகத்திலும் ஆழ்ந்திருந்த நாடகாசிரியர் நாளடைவில் அவருடைய அடியார்களுள் முதன்மையான ஒருவரானார்.

இம்மூன்று சான்றுகளையும் சேர்த்து நோக்கும்போது, இவ்வழக்கம் சிறப்புற்று விளங்குவதற்குரிய இலக்கணங்கள் மூன்று புலப்படுகின்றன. எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி தன் இயல்பு கெடாமல் நிற்க வேண்டும். கேட்பவருடைய ஐயத்துக்கும் மறுப்புக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். பாடம் முதலில் சொல்பவரையே தாக்க வேண்டும். இவை குன்றும் அளவுக்கு வழக்கமும் சீர்கெடுகிறது.

அச்சீர்கேடு வீட்டில் எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தின்பண்டம் பங்கிடும்போது மூத்த குழந்தை யாரும் சொல்லாமலே பெரிய துண்டைத் தங்கைக்குக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தந்தை உடனே எல்லோரையும் அழைத்து, தியாகத்தின் மேன்மையைப் பற்றிப் பேசி, கர்ணனையும் சிபியையும் துணைக்கு வரவழைத்துவிட்டால், அடுத்த முறை அக்குழந்தை கொடுப்பதற்கு முன்னால் தங்கையின் முகத்தைப் பார்க்காது. தந்தையின் முகத்தைப் பார்க்கும். இயல்பாக அரும்பிய அன்பு, பாராட்டுக்காக நடிக்கப்படும் குணமாகத் திரிந்துபோவதற்கு அந்த ஒரு பிரசங்கம் போதும். தந்தையின் நோக்கம் தூயதே; ஆனால் குழந்தை செய்த காரியத்தைக் காட்டிலும் தாம் சொல்லப்போகும் கருத்து அவருக்குப் பெரிதாகத் தோன்றிவிட்டது. குழந்தையிடமிருந்து அவர் கற்றிருக்க வேண்டிய சந்தர்ப்பம், அதற்குக் கற்பிக்கும் சந்தர்ப்பமாக மாறிக் கைநழுவிப் போயிற்று.

இதனினும் கடுமையான குறை, அநீதியைப் பாடமாக்கிப் பொறுத்துக்கொள்ளச் செய்துவிடும் அபாயமாகும். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய, நந்தனார் என வழங்கும் திருநாளைப்போவாரின் வரலாற்றைக் கதாகாலட்சேப மேடைக்குரிய கீர்த்தனைச் சரித்திரமாக விரித்த கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனாரின் ஆண்டையாகப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்த பிறகே தில்லைக்குப் போகலாம் என்று அவர் விதிக்க, ஒரே இரவில் தெய்வ அருளால் அது நிறைவேறுகிறது. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான உழவர் ஒருவருக்காக மேல்வகுப்பார் நிறைந்த சபைகளைக் கண்ணீர் விடச் செய்தது இச்சரித்திரத்தின் அழியாத பெருமை. ஆனால் ஆண்டையின் நிபந்தனை அற்புதத்தால் நிறைவேறிவிடுவதால், அந்த நிபந்தனை நியாயந்தானா என்ற கேள்வி எழாமலே போகிறது. தில்லை வாயிலிலும் நெருப்பில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தனாருக்கு உள்ளே செல்லும் உரிமை கிடைக்கிறது. பொறுமையே பக்தி என்ற பாடத்தை, பொறுமைக்கு அவசியமே நேராத வகுப்பார் அவ்விரவுகளில் பெற்றுச் சென்றார்கள். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினார்கள். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்த, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்கள் நெருப்பு எதையும் கடக்காமல் நடந்து சென்றார்கள். கண்ணீர் மனத்தை உழுது வைத்திருக்கலாம். ஆனால் வாயிலைத் திறந்தது மனித முயற்சியே என்பதை மறத்தல் தகாது.

ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965-இல் வெளிவந்தபோது, குடும்பத்தோடு சென்று கண்டு களித்தவர்கள் மிகப்பலர். இயக்குநரே நக்கீரராக நடித்த அந்தச் சபைக் காட்சியிலிருந்து, குற்றம் இறைவனுடையதாயினும் அஞ்சாமல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற நீதியைப் பெற்றோர் தம் மக்களுக்கு விளக்குவது வழக்கமாகிவிட்டது. அந்நீதி உயர்ந்ததே. ஆனால் அதே வீட்டில், பெரியவர் ஒருவரின் பிழையை மகளோ மருமகளோ பணிவோடு சுட்டினால், எதிர்த்துப் பேசாதே என்ற அதட்டல் எழுமானால், நக்கீரரைப் போற்றியதன் பயன் யாது? அன்றியும், அக்காட்சிக்குக் காரணனான தருமி ஓர் ஏழை. வறுமையினால் பிறர் பாட்டைக் கொண்டு பரிசிலுக்கு வந்தவன். நாகேஷின் நடிப்புத்திறனில் மயங்கி அவனுடைய பரிதவிப்பைக் கண்டு நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். அவனுடைய பசியிலிருந்து பாடம் எடுப்பவரைக் காண்பது அரிது. நமக்கு வசதியான பாடங்களை மாத்திரம் பொறுக்கிக்கொண்டு, நம்மைச் சுடக்கூடியவற்றைக் கேளிக்கையாக விட்டுவிடுகிறோம் என்பதற்கு இது தக்க சான்று.

துன்பம் நேர்ந்த வீட்டிலோ இவ்வழக்கம் கொடுமையாகவே மாறிவிடக்கூடும். யோபுவின் சரித்திரத்தில், மக்களையும் செல்வத்தையும் இழந்து நோயுற்றுக் கிடந்த நண்பரைக் காண வந்த மூவரும் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதன்பின் அவருடைய துன்பத்துக்குக் காரணமும் அதன் நீதியும் கூறத் தொடங்கினார்கள். அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று முடிவில் இறைவனே கடிந்துகொண்டார். அந்த நண்பர்கள் செய்த உபகாரம் முழுவதும் அந்த ஏழு நாள் மௌனத்தில் அடங்கியிருந்தது என்றே சொல்லலாம். நோயாளியின் கட்டிலருகே நின்று, இதுவும் ஒரு பாடம் என்று சொல்ல நா எழும்போது, அப்பாடத்தைச் சொல்லும் உரிமை கட்டிலில் கிடப்பவருக்கே உண்டு என்பதை உணர்தல் வேண்டும்.

இவ்வாறெல்லாம் தடை விதித்தால், இளைஞருக்கு மரபைக் கற்பிப்பது எப்படி, சொல்லாமல் விட்டால் எல்லாம் அழிந்துபோகாதா என்று வினவுவோர் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஒன்றுமே பேசப்படாத வீட்டில் ஒன்றுமே விளங்காமல் போவதும் உண்மை. ஆனால் சொல்லுவதற்கும் முறை உண்டு. கிருபானந்த வாரியார் சுவாமிகள் தம் சொற்பொழிவுகளின் இடையே எதிரில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரிடம் கேள்வி கேட்டு, விடை சொன்னவர்களுக்குப் பரிசளிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு மாத்திரம் இருந்த குழந்தை அந்தக் கணத்தில் பேசும் குழந்தையாகிவிடுகிறது. வீட்டில் நாம் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம்: விடை தெரிந்த கேள்விகளை விட்டு, நமக்கே விடை தெரியாத கேள்விகளைக் குழந்தைகளோடு சேர்ந்து ஆராயலாம். தருமி என்ன ஆனான், மூத்த மகன் உள்ளே வந்தானா, நந்தனார் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கட்டும். சாழலில் பழிப்பவளுக்குக் கிடைத்த பாதி இடம் அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

குடும்பத்திலும் கேளிக்கையிலும் ஞானத்தைத் தேடும் வழக்கம் நம் நாட்டுச் சமய வாழ்வின் பெரும் செல்வம். அதைக் கைவிடுவதற்கு நான் ஒருப்படேன். ஆயினும் அச்செல்வத்தைக் கையாள்வோர் ஒரு நியதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒரு நிகழ்ச்சியில் நீதி ஒன்று தோன்றினால், அதைப் பிறருக்கு உரைப்பதற்கு முன், தம் வாழ்க்கையில் அது எந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறது என்று உரைப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை என்றால், அது அந்நிகழ்ச்சியிலிருந்து பெற்ற நீதியன்று. முன்னமே தம்மிடம் இருந்த கருத்தை அதன்மேல் ஏற்றிய சுமையாகும். மாற்றச் சொல்லுமாயின், முதலில் மாறிக் காட்டட்டும்; குழந்தைகள் காண்பதற்கு அதுவே போதுமானது, விளக்கம் வேண்டுமென்று அவர்களே கேட்டு வரும்போது சொற்களுக்கும் உரிய பயன் உண்டாகும்.