ஆங்கில வகுப்பில் கருவிகள்: ஒரு மதிப்பீடு

நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பு. நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் வாயே திறவாமல் இருந்தாலும் ஒரு மாணவனுக்கு ஆங்கிலத்தில் பேசக் கிடைப்பது ஒரே நிமிடம். ஆசிரியரும் பேசத்தானே வேண்டும்? அப்போது அந்த ஒரு நிமிடமும் சில வினாடிகளாகச் சுருங்கிவிடும். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது; பேசாமல் பேச்சும் வராது. ஆங்கில வகுப்பிற்குள் கருவிகளைக் கொண்டுவரும் முயற்சிகளுக்கு இந்த எளிய கணக்கே அடிப்படை. அக்கருவிகள் தந்த வாக்கைக் காப்பாற்றினவா என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு கருவியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். ஒவ்வொரு மாணவனுக்கும் பேசுவதற்குக் கூடுதல் வாய்ப்புத் தருகிறதா? அவன் பேசியதன் குறைநிறையை உடனே காட்டுகிறதா? அவன் சொல்வதை அறிந்துகொள்ள மறுமுனையில் யாராவது காத்திருக்கிறார்களா?

மொழிப் பயிற்சிக்கூடம்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. பதறிப்போன அமெரிக்கா அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, அறிவியல், கணிதம், அயல்மொழிப் பாடங்களுக்குப் பணத்தை வாரி வழங்கியது. அங்கே பள்ளிதோறும் மொழிப் பயிற்சிக்கூடங்கள் பெருகின. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு ஹெட்போன், ஒரு மைக், ஒலிப்பதிவு நாடா. நாடா ஒரு வாக்கியத்தைச் சொல்லும்; மாணவன் திருப்பிச் சொல்வான்.

மொழி என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் படியும் பழக்கம் என்ற கருத்து அந்நாளில் செல்வாக்குடன் இருந்தது. உளவியலாளர் ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலும் பேச்சை நடத்தையாகவே விளக்கியது. 1959இல் நோம் சாம்ஸ்கி அந்நூலுக்கு எழுதிய கடுமையான மதிப்புரை இக்கருத்தின் அடித்தளத்தை அசைத்தது. முன்பின் கேட்டிராத வாக்கியங்களையும் ஒரு குழந்தை பேசுகிறதே, அது எந்தப் பழக்கத்தால்?

கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், பலன் என்ன? 1960களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் கற்ற மாணவர்களிடையே ஒரு பெரிய ஒப்பாய்வு நடந்தது. வாரம் இருமுறை பயன்படுத்திய பயிற்சிக்கூடத்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்; எனவே முதல் கேள்வியில் கூடத்திற்கு வெற்றி. ஆனால் நாடாவுக்கு வாய் இருந்ததே தவிரக் காது இல்லை. மாணவன் தவறாகச் சொன்னாலும் அது அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். மற்ற இரண்டு கேள்விகளிலும் தோல்விதான்.

காது முளைத்த கருவி

இன்று பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்கள் கைப்பேசியிலேயே உள்ளன. உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகளும் உண்டு. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் அந்தக் காது யாருடைய பேச்சைக் கேட்டுப் பழகியது? அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் சராசரியாக 19 பிழைகள் செய்த அக்கருவிகள், கறுப்பின மக்கள் பேசிய நூறு சொற்களில் 35 பிழைகள் செய்தன. இரு சாராருக்கும் ஆங்கிலமே தாய்மொழி! அப்படியிருக்க, மதுரை மாணவியின் ஆங்கிலத்தைக் கருவி தவறு என்று காட்டினால், தவறு அவள் நாவில்தான் என்று எப்படி உறுதி கூறுவது?

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. இக்கருவிகள் முன்பின் சொற்களை வைத்தும் ஊகிக்கின்றன. ஒரு சொல்லை நாம் பிறழ உச்சரித்தாலும், இடத்துக்குப் பொருத்தமான சொல்லை அவையே எழுதிவிடக்கூடும். மாணவன் தன் பிழையை அறியாமலே போகிறான். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் மட்டும் தரும் செயலியோ, எங்கே, ஏன் குறைந்தது என்பதைச் சொல்வதில்லை. காரணம் சொல்லாத மதிப்பெண் மாணவனைக் கூச வைக்குமேயன்றித் திருத்தாது.

தமிழ் நாவின் இயல்பு

குளிருக்கு அணியும் மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், வெள்ளாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே ‘கோட்’ தான்! ‘கல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ககரத்தின் ஒலி வேறுபடுகிறது. ஆனால் இடத்தைப் பொறுத்து அது தானாகவே மாறுவதால் தமிழுக்குத் தனி எழுத்துத் தேவைப்படவில்லை. நம் மாணவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று; தம் மொழியின் ஒழுங்கை நன்கு கற்றிருப்பதால்தான்.

இதை அளக்கவும் முடியும். ‘க்’ என்று சொல்ல நாவின் பின்பகுதி மேலெழுந்து காற்றை அடைக்கிறது. அடைப்பு விலகியபின் குரல்நாண்கள் அதிரத் தொடங்கச் சிறிது நேரம் ஆகிறது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு அறிஞர்கள் 1964இல் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டனர். தமிழும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் ககர ஒலிக்கு இது ஏறத்தாழ 80 மில்லிவினாடி. தமிழில் மிகவும் குறைவு. எனவே நாம் மேலங்கியைச் சொன்னாலும் ஆங்கிலேயர் காதில் ஆடாக விழக்கூடும்!

ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் இந்த இடைவெளியைக் கணினித் திரையில் காட்டும். அது மதிப்பெண் போடாது. அளவை மட்டும் காட்டும். முடிவு செய்பவன் மாணவனே. கணினி இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. மெல்லிய காகிதத் துண்டொன்றை உதட்டுக்கு முன் தொங்கவிட்டு, ‘பல்’ என்று தமிழில் சொல்லுங்கள். காகிதம் அவ்வளவாக அசையாது. பேனாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மூச்சைத் தள்ளிச் சொல்லுங்கள், காகிதம் படபடக்கும். பிறகு இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மேலங்கியையோ ஆட்டையோ ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் உரிய படத்தைச் சுட்டட்டும். நாற்பது பேர் வகுப்பில் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுவார்கள். தவறு உடனே தெரியும். மறுமுனையில் கேட்க ஒரு தோழன் இருப்பான். நமது மூன்று கேள்விகளிலும் இந்தக் காசில்லாக் கருவி தேறிவிடுகிறது.

விலையுயர்ந்த கருவிகளை வாங்க வேண்டாம் என்பது நம் வாதமன்று. வாங்குமுன் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள் என்பதே. ஆங்கிலேயரைப் போலவே ஒலிக்க வேண்டும் என்ற ஆசை தேவையில்லை. சொன்னது விளங்கினால் போதும். அதற்கு உதவும் கருவியை வரவேற்போம். தமிழ்வழி மாணவனைத் தன் நாவைக் குறித்து வெட்கப்பட வைக்கும் கருவி எவ்வளவு புதியதானாலும் வகுப்பறைக்கு வெளியே நிற்கட்டும்.