பாஸ்கல் விதியின் பாதிப் பாடம்

பள்ளியில் பாஸ்கல் விதியைப் படித்தபோது பார்த்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சிறிய உருளை, ஒரு பெரிய உருளை, இரண்டையும் இணைக்கும் குழாய். சிறிய பிஸ்டனை மெல்ல அழுத்தினால் பெரிய பிஸ்டனின் மேலுள்ள பாரம் எழும்பும். பக்கத்திலேயே, ஹைட்ராலிக் பிரேக் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது என்று ஒரு வரி. தேர்வுக்கு இது போதும். பழுதான ஒரு பிரேக்கின் முன்னால் இந்தப் பாடத்தோடு போய் நின்றால் கைகொடுக்குமா? கொடுக்காது என்பதுதான் என் குறை. பாடம் தவறல்ல; பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஓர் உதாரணத்தால் இதைச் சோதிப்போம். மோட்டார் சைக்கிளின் முன்பாதியும், அதன் பின்னால் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் கொண்ட வண்டிக்கு 'டிரைக்' என்று பெயர். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை 'சர்வி-கார்' என்ற பெயரில் இத்தகைய வண்டியைத் தயாரித்தது. அங்கும் பிரிட்டனிலும் பழைய காரின் பின் அச்சை மோட்டார் சைக்கிளில் பொருத்தித் தாங்களே டிரைக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. அச்சோடு காரின் இரண்டு டிரம் பிரேக்குகளும் வந்து சேரும். அவற்றை இயக்க, மோட்டார் சைக்கிளின் பின் டிஸ்க் பிரேக்குக்கு இருந்த மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? எங்கும் கசிவில்லை, குழாயில் காற்றில்லை. ஆனாலும் பெடல் கடைசிவரை இறங்கிவிடுகிறது, வண்டி நிற்பதில்லை! அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று படித்த மாணவருக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 154 சதுர மி.மீ. சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டரின் விட்டம் 21 மி.மீ. என்றால் பரப்பு 346.5 சதுர மி.மீ. ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள். இரு சக்கரங்களுக்கும் நான்கு. மொத்தப் பரப்பு 1386 சதுர மி.மீ. இதை 154 ஆல் வகுத்தால் 9. ஆக, விசை ஒன்பது மடங்காகிறது! பாடநூல் இந்த இடத்தில் மகிழ்ந்து முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது.

மீதிப் பாதி இனிமேல்தான் இருக்கிறது. மாஸ்டர் பிஸ்டன் 15 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் திரவம் 2310 கன மி.மீ.தான், அரைத் தேக்கரண்டிகூட இராது. இதை நான்கு பிஸ்டன்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் 1.67 மி.மீ. மட்டுமே நகரும். அதாவது 15 மி.மீ.யில் ஒன்பதில் ஒரு பங்கு. விசையில் பெற்றதை நகர்வில் கொடுத்தாக வேண்டும். பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்மைத் தொடப் பிஸ்டன் 2 மி.மீ. நகர வேண்டியிருந்தால், தொடுவதற்கு முன்பே பெடல் தன் பயணத்தை முடித்துவிடும். அழுத்தம் சமமாகப் பரவும் என்பது உண்மை. அதற்கு முதலில் அழுத்தம் உண்டாக வேண்டுமே! டிஸ்க் பிரேக்கில் பேடுகள் தட்டை ஒட்டியே நிற்பதால், மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சக்கரத்துக்கு இந்தச் சிறிதளவு திரவம் போதுமானதாக இருந்தது.

பாஸ்கல் இதை மறந்தவர் அல்லர். 1663-இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்த நூலில், நெம்புகோலைப் போலவே இங்கும் விசை கூடும் அதே விகிதத்தில் நகர்வு குறைகிறது என்று விளக்கியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு பாதியை நாம்தான் விட்டுவிட்டோம்.

விட்ட பாதியைச் சேர்த்துக்கொண்டால் பழுதின் மொழி புரியத் தொடங்கும். பெடல் கீழே போய், உடனே மறுபடி மிதித்ததும் உயரத்திலேயே கெட்டியாக நின்றால், திரவத்தின் அளவு போதவில்லை என்று பொருள். முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ரப்பர் பந்தை மிதிப்பதுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. காற்று சுருங்கும், திரவம் அவ்வளவாகச் சுருங்காது. பலமுறை காற்றை வெளியேற்றியும் பயனில்லையா? காற்று வெளியேறும் திருகு உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கப் பாகத்தை வலப்பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால் திருகு அடியில் போய்விடும். மேலே தங்கிய காற்று வெளியே வராது. பெடலை மிதித்தபடியே இருக்கும்போது அது மெல்ல இறங்கினால் கசிவு உண்டு. வெளியே ஈரம் காணாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் 'காற்றை எடு' என்ற ஒரே மருந்தைத் தருவது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை தருவது போன்றது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் தீர்ந்தது என்பதும் பாதி உண்மையே. அதன் விட்டத்தையும் 21 மி.மீ. ஆக்கினால் பிஸ்டன்கள் 3.75 மி.மீ. நகரும், ஆனால் விசை நான்கு மடங்காகக் குறையும். முன்பு மிதித்ததைப்போல் இரண்டே கால் மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும்.

'பிரேக் ஆயில்' என்ற பெயரையும் குறைசொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படுவது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். 'டாட் 3' வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி; ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். அப்போதும் பெடல் இறங்கிவிடும்.

மோட்டார் சைக்கிளில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. டிரைக்கிலோ எடையில் பெரும்பகுதி பின் அச்சின்மேல் அமர்கிறது. பின் பிரேக் தவறினால் ஆபத்து அதிகம். ஆகவே, மாணவ நண்பர்களே, அடுத்தமுறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது 'விசை எத்தனை மடங்கு?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்ந்தது?' என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.