கால் என்ற எல்லை

ஒரு கணிதக் கட்டுரையை நாவலைப் போல விமர்சிக்க முடியுமா? நிரூபணம் சரின்னு ஆயிட்டா அப்புறம் பேச என்ன இருக்கு என்பார்கள். நிறைய இருக்கிறது. சரியான நிரூபணமும் பாதியில் நிற்கலாம்.

வளைந்த வெளிகளில் லாப்லாஸ் செயலியை ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு: சென்னை லயோலாவில் படித்த மீனாட்சிசுந்தரம். 1949இல் ப்ளேயெலுடன் எழுதிய கட்டுரையில், செயலியின் ஐகன் மதிப்புகள் அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பின் அளவு வெளிப்படும் என்று காட்டினார். தமிழில் இந்தத் துறையைப் பற்றி எழுதினால் 'மத்தளத்தின் வடிவத்தைக் கேட்க முடியுமா' என்பதோடு நின்றுவிடுகிறோம். அதைவிடச் சிக்கனமான கேள்வி ஒன்று உண்டு: எல்லா ஸ்வரமும் வேண்டாம், சுழிக்குக் கீழே ஏதாவது போகிறதா என்று மட்டும் சொல்.

சோப்புப் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை லேசாக அசைத்தால் இரண்டு கணக்குகள் மோதும். அசைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ஒன்று. அது எப்போதும் கூட்டல். இன்னொன்று பரப்பின் வளைவு, 2 என்ற எடையோடு. படலத்தின் வளைவு சுழியோ எதிர்மமோதான் என்பதால் இது கீழே இழுக்கும். எந்த அசைவுக்கும் மொத்தம் எதிர்மமாகாவிட்டால் படலம் நிலையானது. செய்யூர் உப்பளப் பாத்தியில் நின்று பார்த்தால் பூமி தட்டைதான். சின்னத் துண்டு எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் ஓரமே இல்லாமல் விரியும், இருபக்கமுள்ள படலம் முழுவதும் நிலையாக இருந்தால் அது தட்டையான தளமாக மட்டுமே இருக்க முடியும். 1979இல் டூ கார்மோவும் பெங்கும், 1980இல் ஃபிஷர்-கோல்பிரீயும் ஷோனும் இதை நிறுவினார்கள்.

1980 கட்டுரை இன்னும் மேலே போகிறது. படலத்தை விட்டுவிட்டு, முடிவின்றி விரியும் எந்தப் பரப்பையும் எடுத்து, வளைவின் எடை 1 அல்லது அதற்கு மேல் என்றால், செயலி எதிர்மமாகாத பரப்பு கோண அளவில் தளத்தையோ உருளையையோதான் ஒத்திருக்கும் என்கிறது. அபாரமான முடிவு. என் குறை இங்கேதான்: ஏன் 1? அந்த எண் பரப்பிலிருந்து வரவில்லை, முறையிலிருந்து வருகிறது. படலத்துக்கு 2 போதும் என்பதால் அது அங்கே உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

2006இல் காஸ்தியோன் அந்த எண்ணைக் கால் வரை இறக்கினார். காலுக்கு மேல் எந்த எடைக்கும் அதே முடிவு. கால் எங்கிருந்து வந்தது? வளைவு எங்கும் −1 ஆக இருக்கும் அதிபரவளையத் தளத்தில் லாப்லாஸ் செயலியின் நிறமாலை சரியாகக் காலில் தொடங்குகிறது. எடை கால்வரை இருந்தால் அங்கே எதுவும் எதிர்மமாகாது; அந்தத் தளமோ கோண அளவில் வட்டத்தட்டு. ஆகவே எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் இந்த எண்ணை இதற்குக் கீழே இறக்க முடியாது.

மென்பொருள் வேலையில் தினமும் ஒரு எல்லையில் முட்டுகிறோம். 'சிஸ்டம் இதுக்கு மேல தாங்காது' என்று எழுதிவிட்டுப் போகிறோம். தாங்காதது சிஸ்டமா, நாம் சோதித்த விதமா என்று கேட்பதில்லை. 1 என்பது கருவியின் எல்லை, கால் என்பது பொருளின் எல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். அந்த உதாரணத்தைத் தேடாமல் நிற்கிற கட்டுரையை, அது எவ்வளவு சரியாக இருந்தாலும், முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.