களுத்துறையில் கால் நனைக்கிற நாள்

இரத்தினபுரித் தோட்டங்களில் பெய்கிற மழையில் பெரும்பங்கு களுத்துறையில்தான் கடலைத் தொடுகிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் பிறக்கிற களு கங்கை, இரத்தினபுரி நகரைத் தொட்டுக்கொண்டு, 129 கிலோமீற்றர் ஓடி அங்கே முடிகிறது. லயம் என்கிற தோட்ட வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போகும்போது, அவர்கள் குளிக்கிற பீலிக்கரைத் தண்ணீர் அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு இந்த டிரிப்பில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

போவது ஞாயிறாக இருக்கும், இல்லாவிட்டால் பௌர்ணமிப் போயா விடுமுறை. மற்ற நாளில் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். ஆகவே மார்கழி, தை மாதங்கள்தான் தோது. விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். ரொட்டி, கட்டச்சம்பல், அவித்த முட்டை, வாழையிலையை வாட்டிக் கட்டிய புளிச்சோறு. இங்கிரிய தாண்டி, ஹொரணை தாண்டி, பாணந்துறையில் காலி வீதிக்குத் திரும்பும் வரை பின் சீட்டுப் பையன்களின் பைலா ஓயாது.

களுத்துறைக் கழிமுகத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது, கலிடோ கடற்கரை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் சமுத்திரம். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். மழை விழுந்த வாரத்தில் ஆற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். கடலோ சாம்பல் கலந்த பச்சை. இரண்டும் சேருகிற இடத்தில் நுரை ஒரு கோடாக மிதக்கும். அலை வந்தால் வளையும், அறுந்து போகும், கொஞ்ச நேரத்தில் வேறிடத்தில் கூடும். 2017 மே வெள்ளத்தில் ஆற்று நீரை வடியவிட இந்தத் திட்டை வெட்டினார்கள். கடல் உள்ளே புகுந்து கரையைத் தின்றது. பிறகு மணல் கொட்டி நிரப்ப வேண்டியதாயிற்று. மேலே பெய்த மழை இங்கே கரையின் வடிவத்தையே மாற்றியது.

நான் பார்த்து மாளாதது பெண்கள் தண்ணீரில் இறங்கும் விதம். யாரும் ஓடிப்போய் விழுவதில்லை. மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள். குதிகாலில் வெடிப்பு, கணுக்காலில் பழைய அட்டைக்கடித் தழும்பு. முதல் அலையின் உப்பு அந்த வெடிப்பில் சுருக்கென்று ஏறும். முகம் சுளிக்கும், ஆனால் கால் பின்வாங்காது. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும். பாதம் அரை அங்குலம் புதையும், உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்போதுதான் பக்கத்தில் நிற்பவளின் கையைத் தேடிப் பிடிப்பார்கள். ஒரு கையில் இன்னொரு கையாக, கொஞ்ச நேரத்தில் ஒரு லயமே கைகோத்து நிற்கும்.

“அப்பாயி, சேலய விட்டுருங்க, நனஞ்சா காஞ்சிரும்.”

“பேசாம இரு புள்ள, கால இழுக்குது.”

சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கை சில அலைகள் வரை விடாது. பிறகு பெரிதாக ஒன்று வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போகும். இனித் தூக்கி என்ன பயன் என்று கை தளர்கிற அந்தக் கணத்தில் கிழவி சிரிப்பாள் பாருங்கள், அதற்காகவே பஸ் கட்டணம் கொடுக்கலாம்.

இதற்கு மேல் யாரும் உள்ளே போவதில்லை. இங்கே இந்து சமுத்திரம் தடையில்லாமல் திறந்து கிடக்கிறது. கழிமுகத்தில் ஆற்றின் இழுப்பு வேறு. ஆகவே விளிம்பில் நிற்பதுதான் புத்தி. அந்த விளிம்பிலேயே நாள் முழுவதற்கும் போதுமான சுகம் இருக்கிறது.

கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரர்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் கொழும்புக் காலிமுகத்திடல். எட்டியாந்தோட்டையிலிருந்து களனி கங்கை போகும் திசையிலேயே போய்விடலாம். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்து முடித்த திடல் அது. பட்டம், இறால் வடை, மிளகாயும் உப்பும் பிரட்டிய அன்னாசி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் கால் நனைக்கக் களுத்துறையே நல்லது என்பது என் கட்சி.

இந்தச் சனங்களின் பாட்டன் பூட்டன்மாரும், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தபோது, கடலைப் பார்த்தவர்கள்தான். 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. பிழைப்புக்காகத் தாண்ட வேண்டியிருந்த கடல் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கடலுக்கு வருவது ஒரு வேலையும் இல்லாமல், விளையாட. இதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிற்பகலில் உப்பைக் கழுவ ஆற்றுப் பக்கம் போவார்கள். கழிமுகத்தில் அதுவும் பாதி உப்புதான், யாரும் பொருட்படுத்துவதில்லை. நனைந்த சேலையை இரண்டு பெண்கள் இரண்டு தலைப்பிலும் பிடித்துக்கொண்டு நிற்க, கடல்காற்று அதைப் பாயாகப் புடைக்க வைத்துச் சட்டென்று காயவைக்கும். திரும்பும் வழியில் பாணந்துறையில் கருவாட்டுக் கடை. டிரைவர் ஹோனை அடித்துக்கொண்டே இருப்பார். கட்டாக் கருவாட்டின் விலை ஐம்பது ரூபாயாவது குறையாமல் ஒருத்தியும் பஸ்ஸில் ஏறமாட்டாள்.