கரும்புத் தோட்டத்து நடைபிணம்

பேய்ப்படம் என்றாலே நம் இலக்கிய வட்டத்தில் பலர் முகம் சுளிப்பர். ஷிர்க்கைப் பரப்பும் குப்பை என்பார் ஒரு சாரார். வணிகச் சரக்கு என்பார் மறு சாரார். இரு சாராரும் 1943இல் வெளிவந்த 'ஐ வோக்ட் வித் எ ஸோம்பி' படத்தை ஒரு தடவை பார்க்கலாம். ஒன்றேகால் மணிநேரம்கூட ஓடாத கறுப்பு வெள்ளைப் படம். தயாரித்தவர் வல் லூட்டன், நெறிப்படுத்தியவர் ஜாக் டூர்னர்.

மேற்கிந்தியத் தீவொன்றின் கரும்புத் தோட்டத் துரை வீட்டுக்கு, அவருடைய மனைவி ஜெசிக்காவைப் பராமரிக்கக் கனடாவிலிருந்து ஒரு தாதி வருகிறாள். ஜெசிக்கா நடக்கிறாள், பேச்சில்லை, நினைவில்லை. காய்ச்சலில் மூளை கெட்டது என்கிறார் வைத்தியர். வூடூவால் ஸோம்பியாக்கப்பட்டவள் என்கிறது ஊர். அவள் அப்படியாகக் காரணம் தானே என்று துரையின் தாய் ஒப்புக்கொண்ட பிறகும் படம் தீர்ப்புச் சொல்வதில்லை. இரத்தமோ கோரமோ கிடையாது. இரு பெண்கள் இரவில் கரும்புக்குள் நடக்கும் காட்சியே போதும்: சோகை உரசும் ஓசை, கட்டித் தொங்கும் செத்த விலங்கு, திருப்பத்தில் இமைக்காமல் நிற்கும் கறுப்பு மனிதன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. துரை வீட்டு முற்றத்தில் அடிமைக் கப்பலின் முகப்புச் சிலை நிற்கிறது. அம்பு தைத்த அதன் உடலில் தண்ணீர் வழிகிறது. இங்கே பிள்ளை பிறந்தால் அழுவார்கள், அடிமைக் காலத்து வழக்கம் அது என்று துரையே விளக்குகிறார்.

ஸோம்பியின் ஊற்று அங்கேதான். ஹெய்ட்டியின் அடிமைகள், செத்தால் ஆபிரிக்க மண்ணுக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பினர். அந்த விடுதலையும் மறுக்கப்பட்டு, செத்த பின்னும் தோட்டத்தில் உழைக்க எழுப்பப்படுகிறவனே ஸோம்பி. 1804இல் சுதந்திரம் பெற்ற நாட்டை 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஆண்டது. அப்போது அங்கு சென்ற சீபுரூக் 1929இல் எழுதிய நூல்வழிதான் ஸோம்பி ஹொலிவூட்டுக்கு வந்தான். 1932இல் வந்த 'வைட் ஸோம்பி' மற்றப்படி மட்டமான படம். அதன் சீனி ஆலைக் காட்சி மட்டும் மறக்காது: ஒருவன் இயந்திரத்துக்குள் விழுகிறான், மற்றவர்கள் நிறுத்தாமல் சுற்றுகிறார்கள்.

டூர்னரின் படம் அதைவிடப் பல மடங்கு நுட்பமானது. இருந்தும் ஒரு திருட்டு நடக்கிறது. உழைப்பாளியின் பயம் துரைசானியின் நோயாகிவிடுகிறது. கரும்பு வெட்டுகிறவனைக் கமரா நின்று பார்ப்பதில்லை.

ஊவாவில் இருப்பவனுக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தில் குடியிருப்பதாகத் தோட்டத்து மக்கள் நம்பும் ரோதை முனிக்குப் பூசை உண்டு. கவ்வாத்துக்கும் ஒரு சாமி உண்டு. கைவிரலைக் கொண்டுபோகும் இயந்திரத்துக்குப் பூசை போடுகிறவனை அறிவிலி என்று சிரிப்பது எளிது. குடும்பக் கடன் முழுவதும் எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாத முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களின் நாட்டையும் எடுத்தது. ஒரு நாள் வேலைக்கு அங்கே 'பேர்' என்று பெயர்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரையே பாதியாக வெட்டும் கணக்கு இது. ஸோம்பியை விளங்கிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களோடு நமக்குக் கடைக் கொப்பிவழி உறவு இருந்தது. அவர்களின் கடன் நம் கையெழுத்திலும் இருந்தது. ஆனால் நம் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் கடை வாசலோடு நின்றுவிடுகிறார்கள். லயத்துக்குள் அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் மூடநம்பிக்கை என்று முடித்துவிட்டோம்.

டூர்னரும் கேட்கவில்லை. கரும்புத் திருப்பத்தில் நிற்கும் அந்த மனிதனைப் படத்தில் 'கார்ஃபூர்' என்று அழைக்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு நாற்சந்தி என்று அர்த்தம். நிற்கும் இடத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். அவன் யார் மகன், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தான் என்று படத்தில் ஒருவரும் விசாரிப்பதில்லை.